நீதிபதியும் அவரே, பாஸ்டரும் அவரே: கோர்ட்டுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு இரக்கம் போதுமா?

கிணத்தடி எழுதியது:

போன மாசம் இங்க அமெரிக்கால ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்தவரு சிறார் கோர்ட் நீதிபதி, ஞாயித்துக்கிழமைல சபை நடத்துற பாஸ்டரும் கூட. பேரு வேண்டாம், பெரிய பிரபலம் எல்லாம் இல்ல. அவரு சொன்ன ஒரு விஷயம் இன்னும் மனசை விட்டுப் போகல. ஸ்கூல்ல ரெண்டு பசங்க அடிச்சுக்கறாங்க, ஒருத்தன் வீட்டுல அப்பா அம்மா படிச்சவங்க, பிரின்சிபால் போன் போட்டுக் கூப்பிட்டு பேசி அனுப்பிடுறாரு. இன்னொருத்தன் கறுப்பினப் பையன், அம்மா ரெண்டு வேலை பாக்குறாங்க, போனை எடுக்க முடியல, அவனுக்கு ஸ்கூல் போலீஸ் கைவிலங்கு மாட்டிடுச்சு. அடிச்ச அடி ஒண்ணுதான், ஆனா ஒருத்தன் வீட்டுக்குப் போனான், ஒருத்தன் என் முன்னாடி வந்து நின்னான்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அதுக்கப்புறம் பக்கத்துல உக்காந்திருந்தவரு, ஒரு நீதிபதி இப்படி மேடை ஏறிப் பேசலாமா, அவரு நடுவுல நிக்க வேண்டியவரு ஆச்சேன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. அதான் இங்க கேக்குறேன். இப்படி ஒருத்தர் பெஞ்ச்லயும் பிரசங்க மேடையிலயும் மாறி மாறி உக்காரலாமா? அப்படி உக்காந்தா பிள்ளைங்களுக்கு நல்லதா கெட்டதா?

---

நேர்கோடு எழுதியது:

கேட்டவரு கேட்டது சரிதான் சார். நீதிபதின்னா தராசு. ஒரு பக்கமா சாஞ்சு பேச ஆரம்பிச்சா அடி வாங்குன பிள்ளையோட அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? அடியாத மாடு படியாதுன்னு நம்ம பெரியவங்க சும்மா சொல்லல. சின்ன தப்புக்கு சின்னதா தண்டனை குடுத்து அப்பவே நிறுத்துனாதான் பெரிய தப்பு வராது. என் அண்ணன் பையனை ஸ்கூல்ல ஒரு கும்பல் அடிச்சு ரெண்டு பல்லு போச்சு, அடிச்சவனுக்கு எல்லாரும் பாவம் பாவம்னாங்க, என் அண்ணன் பையனைப் பாக்க யாரும் வரல. அந்த வலி எனக்கு இருக்கு, அதனால கோவமா எழுதுனா தப்பா எடுத்துக்காதீங்க.

---

படிக்கட்டு எழுதியது:

நேர்கோடு அண்ணா, உங்க வலி புரியுது. ஆனா நான் வேற ஒரு பக்கத்துல இருந்து வர்றேன். கிணத்தடி சொன்ன நீதிபதி மாதிரி நல்ல மனசுக்காரங்களை நினைச்சுதான் அமெரிக்கால சிறார் கோர்ட்டே ஆரம்பிச்சாங்க, அதுலதான் சிக்கலும் வந்துச்சு.

1899ல சிகாகோல, குக் கவுண்டில (கவுண்டின்னா நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) முதல் சிறார் கோர்ட் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளையையும் பெரியவங்களோட ஒரே ஜெயில்ல போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதை நிறுத்தணும்னு சமூக சேவை பண்ண பெண்கள் நிறைய பேரு போராடி வந்த கோர்ட் அது. அங்க நீதிபதியா இருந்த ஜூலியன் மேக் 1909ல ஒரு கட்டுரை எழுதுனாரு, நீதிபதி உயரமான மேடைல உக்காராம மேசைக்குப் பக்கத்துல பிள்ளையை வச்சுக்கிட்டு தேவைப்பட்டா தோள்ல கை போட்டுப் பேசணும், அப்பா மாதிரி இருக்கணும்னு. படிக்கறப்ப எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. ஆனா அப்பா மாதிரின்னு சொன்னதும் என்ன ஆச்சு, அப்பாகிட்ட எதுக்கு வக்கீல், அப்பாகிட்ட எதுக்கு சாட்சி, எதுக்கு அப்பீல்னு ஆயிடுச்சு.

1964 ஜூன்ல அரிசோனால ஜெரால்ட் கால்ட்னு 15 வயசுப் பையன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு போன் பண்ணி அசிங்கமா பேசுனான்னு புகார். போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு, அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தாங்க, வீட்டுல ஒரு சீட்டு கூட எழுதி வைக்கல. விசாரணைல வக்கீல் இல்ல. புகார் குடுத்த அம்மா கோர்ட்டுக்கே வரல. என்ன பேசுனாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. கடைசில 21 வயசு வரைக்கும் அரசு சீர்திருத்தப் பள்ளின்னு தீர்ப்பு, கிட்டத்தட்ட ஆறு வருஷம். அதே தப்பை ஒரு பெரியவரு பண்ணிருந்தா 5ல இருந்து 50 டாலர் வரைக்கும் அபராதம், இல்லன்னா அதிகபட்சம் ரெண்டு மாசம் ஜெயில், அவ்ளோதான்.

1967 மே 15ல உச்ச நீதிமன்றம் இதைத் தப்புன்னு சொல்லுச்சு. என்ன குற்றச்சாட்டுன்னு முன்னாடியே சொல்லணும், வக்கீல் வேணும், எதிர்சாட்சியைக் கேள்வி கேக்க விடணும், தனக்கு எதிரா பேச வற்புறுத்தக் கூடாது. தீர்ப்பு எழுதுன நீதிபதி ஏப் ஃபோர்டாஸ், பையனா இருக்கான்ங்கறதுக்காக பேருக்கு ஒரு விசாரணை நடத்தி முடிச்சுடலாம்னு நம்ம அரசியல் சாசனம் சொல்லலன்னு எழுதினாரு.

அதனாலதான் நல்ல மனசுள்ள நீதிபதின்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல பயம்தான் வருது. நல்ல மனசு நாளைக்கு மாறும். வக்கீல் வேணும்ங்கற சட்டம் மாறாது.

---

கிணத்தடி எழுதியது:

படிக்கட்டு அக்கா, இந்தக் கேஸ் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு போன் காலுக்கு ஆறு வருஷமா. அந்த அம்மா அப்பா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து பையனைக் காணோம்னு தேடிருப்பாங்களே.

---

ஈரமண் எழுதியது:

நான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் இங்க நாலு வருஷமா கோர்ட் நியமிக்கிற தன்னார்வலரா இருக்கேன். பெத்தவங்ககிட்ட இருந்து எடுத்து ஃபாஸ்டர் வீட்டுல வச்சிருக்கற பிள்ளைங்களுக்காக கோர்ட்ல பேசற வேலை. நான் வக்கீல் இல்ல, பிள்ளையை அடிக்கடி போய்ப் பாத்து, டீச்சர்கிட்ட பேசி, டாக்டர்கிட்ட பேசி, இந்தப் பிள்ளைக்கு என்ன தேவைன்னு நீதிபதிக்கு எழுதிக் குடுப்பேன். விவரம் எல்லாத்தையும் மாத்திதான் எழுதுறேன், யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு பொண்ணு. ரெண்டு வருஷத்துல ஆறு வீடு மாறிடுச்சு. ஏழாவது வீட்டுல இருந்து ராத்திரி ஓடிப் போயிடுச்சு, எங்க போச்சுன்னா தன்னோட தம்பி இருக்கற வீட்டு வாசல்ல போய் உக்காந்துருந்துச்சு. தம்பியைப் பாத்து அஞ்சு மாசம் ஆச்சாம். அதுக்கு அவ மேல போட்டது ஓடிப்போன கேஸ். பெரியவங்க வீட்டை விட்டுக் கிளம்புனா அது குற்றம் இல்ல, பிள்ளை கிளம்புனா கேஸ். ஸ்கூலுக்குப் போகாதது, ராத்திரி வெளியில சுத்துறது, வீட்டை விட்டு ஓடறது, இதெல்லாம் வயசு குறைவுங்கற ஒரே காரணத்தால தப்பு ஆகுற விஷயங்கள்.

1974ல ஒரு ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசு சட்டம் வந்துச்சு, இந்த மாதிரி பிள்ளைங்களைப் பூட்டி வைக்கக் கூடாதுன்னு. ஆனா 1980ல அதுல ஒரு சந்து திறந்துட்டாங்க, நீதிபதி ஓடக்கூடாதுன்னு எழுதி உத்தரவு போட்டு அதையும் மீறி ஓடுனா உள்ள வைக்கலாம்னு. அப்ப என்ன ஆகும், ஓடுனதுக்காக இல்ல, உத்தரவை மீறுனதுக்காகன்னு பேரை மாத்தி உள்ள வச்சுடலாம். 2018ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, அப்படி வச்சாலும் ஏழு நாளுக்கு மேல கூடாதுன்னு ஆக்கினாங்க. ஏழு நாள் கம்மின்னு தோணும். டிடென்ஷன் சென்டர்ல முதல் ராத்திரி அந்தப் பொண்ணு செருப்பைக் கழட்டவே மாட்டேன்னு உக்காந்துருந்ததை அடுத்த நாள் காலைல நான் பாத்தேன்.

அன்னைக்குக் கோர்ட்ல இருந்த நீதிபதி ஒரு கேள்வி கேட்டாரு. ஏன் ஓடுனேன்னு கேக்கல, எங்க போனேன்னு கேட்டாரு. தம்பின்னு சொன்னதும் ஃபைலைப் புரட்டி, இவங்க ரெண்டு பேரும் பாத்துக்கறதுக்கு ஏற்பாடு பண்ணி குடுத்த தேதி எங்கன்னு கேஸ்வொர்க்கரை, அதாவது அந்தப் பொண்ணோட கேஸைப் பாத்துக்கற ஊழியரைக் கேட்டாரு. அவங்ககிட்ட பதில் இல்ல. மூணு நிமிஷத்துல எல்லாம் மாறிடுச்சு. அவரு பாஸ்டரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா படிக்கட்டு சொல்ற மாதிரி சட்டம் மட்டும் போதும்னு என்னால சொல்ல முடியல, அந்தக் கேள்வியைக் கேக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல.

---

நேர்கோடு எழுதியது:

ஈரமண், தம்பியைப் பாக்கப் போன பொண்ணைப் பூட்டி வைக்கணும்னு நான் சொல்லவே இல்லம்மா. அதைப் படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் பேசறது கொலை, கொள்ளை, துப்பாக்கி. அங்கயும் வயசைக் காட்டி விட்டுடலாமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

---

படிக்கட்டு எழுதியது:

அண்ணா அந்தப் பழமொழியை நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க. அஞ்சுல வளையும்னு நம்புனாதானே அந்தப் பழமொழிக்கே அர்த்தம்? 14 வயசுல, சாகற வரைக்கும் வெளிய வர முடியாதுன்னு எழுதிட்டா அவன் வளைஞ்சானா இல்லையான்னு பாக்கப் போறது யாரு?

ஆர்கன்சாஸ்ல 1999ல நடந்தது இது. 14 வயசுப் பையன், இன்னும் ரெண்டு பேரோட சேந்து வீடியோ கடைல திருடப் போறான். போற வழிலதான் கூட வர்றவன் கோட்டுக்குள்ள துப்பாக்கி இருக்குன்னு தெரியுது. இவன் முதல்ல வெளியில நின்னுட்டு அப்புறம் உள்ள போறான். சுட்டது இன்னொருத்தன். கடைல வேலை பாத்த பொண்ணு செத்துப் போறாங்க. அந்தக் குடும்பத்தோட இழப்பை நான் ஒரு நாளும் சின்னதாக்க மாட்டேன். ஆனா சுடாத 14 வயசுப் பையனுக்கும் பரோல் இல்லாத, அதாவது சாகற வரைக்கும் விடுதலையே கேக்க முடியாத ஆயுள் தண்டனைதான், ஏன்னா சட்டம் வேற வழியே வைக்கல. நீதிபதி அவன் வயசைப் பாக்கணும்னு நினைச்சிருந்தா கூட பாக்க முடியாது. தராசு தராசுன்னீங்களே, அதுல வயசை வைக்கறதுக்குத் தட்டே இல்ல.

2012 ஜூன்ல உச்ச நீதிமன்றம் அலபாமா கேஸ் ஒண்ணையும் இந்த ஆர்கன்சாஸ் கேஸையும் ஒண்ணா எடுத்து, 18க்குக் கீழ இருக்கறவங்களுக்கு இப்படிக் கட்டாயமா குடுக்கறது செல்லாதுன்னு சொல்லுச்சு. ரெண்டு பையன்களுக்காகவும் வாதாடுனது பிரையன் ஸ்டீவன்சன். அதுக்கு முன்னாடி 2005லதான் 18க்குக் கீழ பண்ண குற்றத்துக்கு மரண தண்டனை கூடாதுன்னே வந்துச்சு, அதுவும் 5க்கு 4ன்னு. 2005 வரைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 2017ல ஆர்கன்சாஸ் சட்டசபையே சிறாருக்கு பரோல் இல்லாத ஆயுள் தண்டனையை எடுத்துடுச்சு. விட்டுடுங்கன்னு சட்டம் சொல்லல, பல வருஷம் கழிச்சு, வெளிய விடலாமான்னு முடிவு பண்ற பரோல் போர்டு அவனைத் திரும்ப ஒரு தடவை பாக்கணும்னு சொல்லுது.

---

சபைப்பிள்ளை எழுதியது:

ஆர்கன்சாஸ்னதும் எனக்கு வெண்டெல் கிரிஃபன் ஞாபகம் வந்துடுச்சு. லிட்டில் ராக்ல புலாஸ்கி கவுண்டி நீதிபதியா இருந்தாரு, நியூ மில்லேனியம் சர்ச்சோட பாஸ்டரும் அவரே. 2017ல ஆர்கன்சாஸ் அரசு 11 நாள்ல எட்டுப் பேருக்கு மரண தண்டனை நிறைவேத்தறதா திட்டம் போட்டுச்சு. பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு, விஷ ஊசில சேக்குற ஒரு மருந்து சம்பந்தமா அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு தற்காலிகத் தடை போட்டவரு இவரு. அதே நாள் கவர்னர் மாளிகை முன்னாடி ஒரு மடக்குக் கட்டில்ல, கட்டிப் போட்டவங்க மாதிரி படுத்துக்கிட்டு ஜெபக் கூட்டத்துல கலந்துக்கிட்டாரு. ரெண்டு மூணு நாள்ல ஆர்கன்சாஸ் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை வழக்கு எதையும் இவரு பாக்கக் கூடாதுன்னு எடுத்துடுச்சு.

அது சிறார் வழக்கு இல்ல, தெரியும். ஆனா கிணத்தடி கேட்ட கேள்வி அப்படியே அங்க இருக்கு. நான் விசுவாசி, அவரு பண்ணது எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஆனா தடை கேட்டு வந்தவங்களுக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தவங்க எடத்துல என்னை வச்சுப் பாத்தா, தடை போட்டவரு அதே நாள் அந்தக் கட்டில்ல கிடந்தா எனக்கு நம்பிக்கை வந்திருக்குமான்னு தெரியல. ரொம்ப நாள் இதை யோசிச்சிருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். சிறார் கோர்ட் நீதிபதி பாஸ்டரா இருந்தா அவரு முன்னாடி வர்ற பிள்ளை வேற மதமா இருக்கலாம், மதமே இல்லாம இருக்கலாம். அந்தப் பிள்ளைகிட்ட மனந்திரும்புன்னு பேசக் கூடாது. சபைக்கு வந்தா தண்டனை கம்மின்னு மறைமுகமா கூட தோணக் கூடாது. பைபிள்ல மீகா புத்தகத்துல நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகின்னு வரும், நியாயம்தான் அங்க முதல்ல வருது. அதை நான் எங்க சபை வாலிபர் கூட்டத்துல பல தடவை பேசிருக்கேன், இந்த இழையைப் படிச்சப்புறம்தான் அந்த வரிசையையே கவனிச்சேன்.

---

நூல்கண்டு எழுதியது:

கண்டிப்பா இருக்கற நீதிபதிதான் வேணும்னு சொல்றவங்க பென்சில்வேனியா லூசெர்ன் கவுண்டி கதையைத் தெரிஞ்சுக்கணும். நேர்கோடு சாரை மட்டும் சொல்லல, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன்.

மார்க் சியாவரெல்லா சிறார் நீதிபதி. ஸ்கூல் ஸ்கூலா போய், தப்பு பண்ணி என் முன்னாடி வந்தா உள்ள போடுவேன்னு பிள்ளைங்களுக்கே சொல்லுவாரு. ஊருல கை தட்டுனாங்க, நீதிபதி பதவிக்கான தேர்தல்ல ஜெயிச்சாரு, ஸ்கூல்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தப்பு பண்ண பிள்ளைங்களைப் பூட்டி வைக்கற கவுண்டியோட பழைய சிறார் காப்பகத்தை மூட வச்சு தனியார் கட்டுன காப்பகத்துக்குப் பிள்ளைங்க போறதுக்கு வழி பண்ணாங்க, அவரும் மைக்கேல் கோனஹன்ங்கற இன்னொரு நீதிபதியும். அந்தக் காப்பகம் சம்பந்தப்பட்டவங்ககிட்ட இருந்து ரெண்டு பேருக்கும் வந்தது சுமார் 28 லட்சம் டாலர். ஸ்கூல் அதிகாரியைக் கிண்டல் பண்ணி இணையத்துல ஒரு பக்கம் போட்ட 15 வயசுப் பொண்ணுக்கு மூணு மாசம். ஒவ்வொரு விசாரணையும் சில நிமிஷம்தான். அப்பா அம்மா முன்னாடியே கால்ல சங்கிலி.

இது எப்படி வருஷக்கணக்கா நடந்துச்சு? பிள்ளைங்ககிட்ட வக்கீல் வேண்டாம்னு ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிடுவாங்க. 1967ல கால்ட் கேஸ்ல கிடைச்ச உரிமையை 2003ல இருந்து 2008 வரைக்கும் ஒரு கையெழுத்துல அழிச்சுட்டாங்க. அந்த அறைல அரசு வக்கீல் இருந்தாரு, காசு இல்லாதவங்களுக்கு வாதாடுற பொது வக்கீல் ஆபீஸ் ஆட்கள் இருந்தாங்க, வெளியில விட்ட பிள்ளைங்களைக் கண்காணிக்கற புரொபேஷன் அதிகாரிங்க இருந்தாங்க, எல்லாரும் பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க. ஒரு அம்மா விடாம போன் பண்ணி, பிள்ளைங்களுக்காக வாதாடுற ஜுவனைல் லா சென்டரைப் பிடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் உடைஞ்சுது. ஆயிரக்கணக்கான பிள்ளைங்களோட தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. 2011ல சியாவரெல்லாவுக்கு 28 வருஷம், கோனஹனுக்கு பதினேழரை வருஷம்.

எனக்கு இதுல காசை விடப் பெரிய வேதனை, அந்தக் கைதட்டல். லஞ்சம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே அங்க நடந்தது அநியாயம்தான். காசு வாங்காம அதையே பண்ணிருந்தா இன்னைக்கு வரைக்கும் நல்ல கண்டிப்பான நீதிபதின்னு பேரு எடுத்திருப்பாரு.

---

நேர்கோடு எழுதியது:

நான் முழுசா படிச்சேன். ராத்திரி தூக்கம் வரல. கை தட்டுனவங்கள்ல நானும் ஒருத்தனா இருந்திருப்பேன், அது உண்மை. என் அண்ணன் பையனுக்கு நடந்ததுக்கு நியாயம் வேணும்னு இன்னும் சொல்வேன், ஆனா வக்கீல் இல்லாம எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாதுன்னு இனிமே அதோட சேத்துச் சொல்வேன்.

---

ஈரமண் எழுதியது:

நேர்கோடு அண்ணா, உங்க அண்ணன் பையன் இப்ப எப்படி இருக்கான்? அதை யாரும் கேக்கலையேன்னு இருந்துச்சு. அடி வாங்குன பிள்ளையை விட்டுட்டுப் பேசற எந்த இரக்கமும் அரைகுறைதான்னு நானும் நினைக்கிறேன்.

காசுன்னு நூல்கண்டு சொன்னதால ஒண்ணு. வெளியில நிறைய பேருக்குத் தெரியாது, பல மாநிலங்கள்ல பிள்ளை டிடென்ஷன்ல இருந்த ஒவ்வொரு நாளுக்கும் பெத்தவங்களுக்கு பில் அனுப்புவாங்க. புரொபேஷனுக்கும் தனியா காசு. கட்ட முடியலன்னா அது கடனா நிக்கும். கலிஃபோர்னியா 2018 ஜனவரில இருந்து இதை நிறுத்திடுச்சு. வாடகைக்கே அல்லாடுற அம்மாவுக்கு மகனை அடைச்சு வச்சதுக்கு பில் வந்தா வீட்டுல அந்தப் பையன் மேலதான் கோவம் திரும்பும், மறுபடி அவன் ஓடுவான், மறுபடி கேஸ்.

நியூயார்க் பையன் கலீஃப் பிரவுடர் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2010ல 16 வயசு, பையைத் திருடிட்டான்னு குற்றச்சாட்டு. அப்ப நியூயார்க்ல 16 ஆனாலே பெரியவங்க கோர்ட். ஜாமீன் 3000 டாலர், வீட்டுல அவ்ளோ இல்ல. ரைக்கர்ஸ் தீவு ஜெயில்ல மூணு வருஷம், அதுல பெரும்பகுதி தனிச்சிறை. விசாரணையே நடக்கல, கடைசில கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. 2015ல 22 வயசுல உயிரை மாய்ச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் 2017ல நியூயார்க் வயசு வரம்பை 18 ஆக்கி சட்டம் போட்டுச்சு. அவனுக்கு அது வரல.

---

படிக்கட்டு எழுதியது:

கிணத்தடி முதல்ல கேட்ட கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லலன்னு தோணுது. நீதிபதி வெளியில பேசலாமா? தன் முன்னாடி இருக்கற வழக்கைப் பத்திப் பேசக் கூடாது, அது எல்லா இடத்துலயும் விதி. ஆனா சட்டம் எப்படி நடக்குது, கோர்ட் எப்படி இயங்குதுங்கறதைப் பத்தி பேசலாம், நீதிபதிகள் நடத்தை விதிகளே அதுக்கு இடம் குடுக்குது. ஜார்ஜியால கிளேட்டன் கவுண்டி சிறார் நீதிபதி ஸ்டீவன் டெஸ்கி 2012 டிசம்பர்ல செனட் கமிட்டி முன்னாடியே போய்ப் பேசுனாரு. ஸ்கூலுக்குள்ள போலீஸ் வந்ததுக்கு அப்புறம் அவரு கோர்ட்டுக்கு வர்ற பிள்ளைங்க எண்ணிக்கை பல மடங்கு ஆயிடுச்சு, பெரும்பாலும் சின்னச் சண்டை, சத்தம் போட்டது. அவரு வெறும் பேச்சோட நிக்கல. போலீஸ், ஸ்கூல், மனநல ஆட்கள், பெத்தவங்க எல்லாரையும் மாசக்கணக்கா ஒரே மேசைல உக்கார வச்சு, 2004ல ஒரு எழுத்து ஒப்பந்தம் போட வச்சாரு. முதல் தடவை எச்சரிக்கை, ரெண்டாவது தடவை பிள்ளைக்கு ஒரு வகுப்பு, அதுக்கப்புறம்தான் கோர்ட். ஸ்கூல்ல இருந்து வர்ற கேஸ் பெரிய அளவுல குறைஞ்சுது.

நான் முதல்ல நல்ல மனசுன்னா பயம்னு எழுதினேன்ல, ஈரமண் எழுதுனதைப் படிச்சுட்டு கொஞ்சம் மாத்திக்கறேன். அவரு மனசுல இருந்ததைக் காகிதத்துல எழுதி எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்குனாரு பாருங்க, அந்த மாதிரி நீதிபதி வேணும். அவரு போனாலும் காகிதம் இருக்கும்.

---

கிணத்தடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேத்து அந்த நீதிபதிக்கு ஒரு மெயில் எழுதினேன். உங்க பேச்சு என்னைத் தொட்டுச்சுன்னு முதல் வரி. அடுத்து ரெண்டே கேள்வி. உங்க அறைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வக்கீல்கிட்ட பேசிடுதா? வக்கீல் வேண்டாம்னு உங்க கோர்ட்ல ஒரு பிள்ளை கையெழுத்துப் போட முடியுமா?

இன்னைக்குக் காலைல பதில் வந்துச்சு. முதல் கேள்விக்கு, பல பேருக்கு உள்ள வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வராந்தாலதான் வக்கீலைப் பாக்க முடியுது, அது போதாதுன்னு எனக்குத் தெரியும்னு எழுதிருக்காரு. ரெண்டாவதுக்கு, வக்கீல்கிட்ட பேசாம கையெழுத்துப் போட விடமாட்டேன், ஆனா அது என்னோட பழக்கம்தான், எங்க கோர்ட் விதில அது இல்ல, நான் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி அதை விதியா ஆக்கணும், அந்தக் கூட்டம் அடுத்த மாசம், பொதுமக்களும் வரலாம்னு தேதி போட்டு அனுப்பிருக்காரு.

நான் போறேன்.

---

ஈரமண் எழுதியது:

தேதியை எனக்கும் அனுப்புங்க. அந்த மாதிரி வராந்தாவை நான் பாத்திருக்கேன், உக்கார பெஞ்ச் கூட கிடையாது.

---

நேர்கோடு எழுதியது:

அண்ணன் பையன் நல்லா இருக்கான்மா, பல்லு கட்டியாச்சு. கேட்டதுக்கு நன்றி. கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு வந்து எழுதுங்க.